ஐந்நூறு டாலர் குறைத்து எப்படி விற்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் நியூ ஜெர்சியில், எடிசனில் இருக்கிறார். நிக்கான் மிரர்லெஸ் பாடி (லென்ஸ் சேராத கேமரா மட்டும்) ஒன்றுக்கு விலை தேடியிருக்கிறார். பெயர் தெரிந்த கடைகள் எல்லாவற்றிலும் 1,996.95 டாலர், ஒரு சென்ட் வித்தியாசம் இல்லை. இதுவரை கேள்விப்படாத ஒரு நியூயார்க் தளத்தில் மட்டும் 1,489 டாலர். வரி இல்லை, அனுப்பும் செலவும் இல்லை. ஆர்டர் போட்டுவிட்டார். மறுநாள், "ஆர்டரை உறுதிசெய்ய இந்த எண்ணுக்குக் கூப்பிடவும்" என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. கூப்பிடலாமா, இது ஏமாற்று வேலையா என்று கேட்கிறார். கேமரா தம்பிக்காம், அடுத்த மாதம் மதுரைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோக எண்ணம்.

அவசரமான பதில் முதலில்: கூப்பிட வேண்டாம். ஏன் என்பதைக் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்விக்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டால்தான் இது விளங்கும். அந்த ஒரு கடையின் விலை ஏன் குறைவு என்பதை விட, மற்ற எல்லாக் கடைகளிலும் விலை ஏன் சொல்லிவைத்தாற்போல ஒன்றாக இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நியூ ஜெர்சியில் ஒரு கேமரா கடையில் கவுண்டரில் நின்றும், பிறகு கொள்முதல் மேசையில் உட்கார்ந்தும் பல வருடம் இந்த வியாபாரத்தைப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

1,996.95 என்ற அந்த வால்பகுதியைக் கவனியுங்கள். 6.95 என்று முடிகிற விலை அமெரிக்காவில் நிக்கானின் வழக்கம். அந்த எண் கடைக்காரர் போட்டது இல்லை, நிக்கானிடமிருந்து வருவது. நம்மூரில் பெட்டியில் எம்.ஆர்.பி. அச்சிட்டிருக்கும், அதற்கு மேல் விற்றால் குற்றம். இங்கே அப்படி ஒரு உச்சவரம்பு கிடையாது; தயாரிப்பாளரின் கவலையெல்லாம் கீழ்வரம்பைப் பற்றித்தான். அங்கீகாரம் பெற்ற டீலர் விளம்பரத்தில் போடக்கூடிய குறைந்தபட்ச விலை ஒன்றைத் தயாரிப்பாளர் அறிவிப்பார். தொழிலில் அதை 'மேப்' என்பார்கள். அதற்குக் கீழே விளம்பரம் செய்தால் விளம்பரச் செலவுக்குத் தரும் பணம் நிற்கும். தொடர்ந்து செய்தால் சரக்கே நிற்கும். எந்த டீலரும் ஐம்பது டாலர் குறைத்துப் போட்டு அந்தச் சண்டைக்குப் போக மாட்டார்.

இது சட்டப்படி சரியா என்று பலர் கேட்பார்கள். அதன் கதை நீளமானது. தயாரிப்பாளரும் கடைக்காரரும் ஒப்பந்தம் போட்டு விற்பனை விலையைக் கட்டுவது சட்டவிரோதம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911இல் சொன்னது. 1919இல் கோல்கேட் வழக்கில், தன் விலைக் கொள்கையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு, அதை மதிக்காதவருக்குச் சரக்குக் கொடுக்க மறுப்பது தயாரிப்பாளரின் உரிமை என்றது. 1937இல் வந்த மில்லர்-டைடிங்ஸ் சட்டம், மாநிலங்கள் விரும்பினால் விலைக்கட்டை அனுமதித்துக்கொள்ளலாம் என்று வழிவிட்டது. 1975இல் நாடாளுமன்றம் அந்தச் சலுகையை நீக்கியது. தபால்வழித் தள்ளுபடிக் கடைகளுக்கு நாடு முழுக்கக் கதவு திறந்தது அப்போதுதான். ஞாயிற்றுக்கிழமை நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்கம், புகைப்பட இதழ்களின் பின்பக்கங்களில் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் எழுத்தில் நூற்றுக்கணக்கான விலைகள் என்று அந்தக் கடைகள் நாடு முழுவதற்கும் விற்றன. 2007இல் பெண்களுக்கான தோல் பொருட்கள் விற்கும் லீஜின் என்ற நிறுவனத்தின் வழக்கில், விலைக்கட்டு தானாகவே குற்றம் ஆகிவிடாது, அதன் விளைவைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும் என்று அதே நீதிமன்றம் 1911 தீர்ப்பை மாற்றிவிட்டது. ஆகவே இன்று நீங்கள் பார்க்கும் ஒரே விலைக்குப் பின்னால் கடைகள் கூடிப்பேசிய சதி எதுவும் இல்லை. தயாரிப்பாளர் போட்ட கோட்டில் எல்லோரும் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

விலை இறங்கும்போதும் ஒன்றாகவே இறங்கும். 'இன்ஸ்டன்ட் ரிபேட்', அதாவது பில்லிலேயே கழித்துக்கொள்ளும் தள்ளுபடி, என்று 200 டாலர் குறைந்திருந்தால் அந்த 200 பெரும்பாலும் கடையின் பணம் இல்லை. விற்ற பெட்டிகளின் வரிசை எண்களை அனுப்பினால் தயாரிப்பாளர் டீலருக்கு வரவு வைப்பார். சலுகை தொடங்கும் தேதியும் முடியும் தேதியும் எல்லாருக்கும் ஒன்றே. அதனால்தான் ஒரே இரவில் எல்லாத் தளங்களிலும் விலை மாறுகிறது.

பாடியில் கடைக்கு நிற்பது பெரும்பாலும் ஒற்றை இலக்க சதவீதம். கிரெடிட் கார்டு நிறுவனத்தின் கட்டணம், வாடகை, திருப்பிக் கொடுத்த பெட்டிகளின் நஷ்டம் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். லாபம் வருவது ஃபில்டர், பை, டிரைபாட், மெமரி கார்டு, நீட்டித்த வாரன்டி ஆகியவற்றில். 60 டாலர் ஃபில்டரில் பாதிக்கு மேல் கடைக்கு மிஞ்சும். எங்கள் கடையில் நாள் முடிவில் மேலாளர் பார்த்தது எத்தனை பாடி விற்றது என்பதை அல்ல, ஒவ்வொரு பில்லிலும் பாடியோடு வேறு என்ன ஏறியது என்பதைத்தான். சில பொருட்களை விற்றால் தயாரிப்பாளரே விற்பனையாளருக்குத் தனியாகப் பணம் கொடுப்பதும் உண்டு. 'ஸ்பிஃப்' என்று பெயர். கவுண்டரில் இருப்பவர் ஒரு குறிப்பிட்ட ஃப்ளாஷையே விடாமல் சிபாரிசு செய்தால் இதுவும் காரணமாக இருக்கலாம். இதில் நேர்மையான கடைக்கும் மற்றதுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றுதான்: வேண்டாம் என்றால் முன்னது சிரித்துக்கொண்டே பாடியை மட்டும் பில் போட்டுக் கொடுத்துவிடும்.

இப்போது 1,489க்கு வருவோம். டீலரின் அடக்க விலையே அதைவிட நூற்றுக்கணக்கில் அதிகம் என்பதால், அதே பொருளை அதே நிலையில் அந்த விலைக்கு விற்க முடியாது என்பது நிச்சயம். ஆகவே ஒன்று பொருள் வேறு, அல்லது பெட்டிக்குள் இருப்பது குறைவு, அல்லது அந்த விலைக்கு விற்கும் எண்ணமே இல்லை. இந்த மூன்றில் உங்கள் தளம் எது என்பதை விலையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் கூப்பிடச் சொல்லும் மின்னஞ்சல் மூன்றாவதை நோக்கிக் கைகாட்டுகிறது.

முதல் வகை, 'கிரே மார்க்கெட்'. பொருள் அசல்தான், திருட்டும் இல்லை. வேறு நாட்டுச் சந்தைக்குப் போக வேண்டியதை யாரோ மொத்தமாக வாங்கி இங்கே கொண்டுவந்து விற்கிறார்கள். 1980களின் முதல் பாதியில் டாலர் மதிப்பு எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஹாங்காங்கிலோ ஐரோப்பாவிலோ ஜப்பானியக் கேமராவை வாங்கி நியூயார்க்கில் இறக்கினாலும் இங்குள்ள அதிகாரபூர்வ இறக்குமதியாளரை விடக் குறைவாக விற்க முடிந்தது. இறக்குமதியாளர்கள் சும்மா விடவில்லை. 1984இல் மாமியா கேமராவின் அமெரிக்க வணிகச்சின்ன உரிமையாளரான ஒசாவா நிறுவனம், பி அண்ட் எச் உள்ளிட்ட தள்ளுபடிக் கடைகள் மேல் வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. ஆனால் 1988இல் உச்ச நீதிமன்றம் வந்து நின்ற இடம் வேறு. அந்த வழக்கில் 47ஆவது தெரு ஃபோட்டோ என்ற நியூயார்க் தள்ளுபடிக் கடையும் ஒரு தரப்பு. அமெரிக்காவில் சின்னத்தின் உரிமையாளரும் வெளிநாட்டுத் தயாரிப்பாளரும் தாய் நிறுவனம், கிளை நிறுவனம் என்ற உறவில் இருந்தால் அந்தச் சரக்கைச் சுங்கத்துறை தடுக்க வேண்டியதில்லை என்று தீர்ப்பு. நிக்கான், கேனான் போன்றவை தங்கள் கிளைகள் மூலமே இங்கே விற்பதால், கிரே கேமரா விற்பது குற்றம் இல்லை என்ற நிலை அப்படித்தான் நிலைத்தது.

குற்றம் இல்லை என்றாலும் சொல்லி விற்க வேண்டும். தயாரிப்பாளரின் அமெரிக்க வாரன்டி கிடையாது, ரிபேட் கிடையாது என்பதையெல்லாம் வாங்குபவர் கண்ணில் படும்படி அறிவிக்க வேண்டும் என்று நியூயார்க் மாநிலச் சட்டமே இருக்கிறது, கலிபோர்னியாவிலும் உண்டு. ஒழுங்கான கடைகள் ஒரே லென்ஸுக்கு 'யு.எஸ்.ஏ.', 'இம்போர்ட்டட்' என்று இரண்டு விலை போட்டு, இம்போர்ட்டட் சரக்குக்குத் தங்கள் கடை வாரன்டியைக் கொடுத்து விற்றதை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்து வாங்கினால் அதில் தப்பே இல்லை.

ஆனால் நிக்கான் விஷயத்தில் நான் கொஞ்சம் அழுத்திச் சொல்வேன். நிக்கான் யு.எஸ்.ஏ. கிரே பொருளை வாரன்டியில் மட்டுமல்ல, காசு கொடுத்தாலும் பழுது பார்க்காது என்பது அதன் நெடுநாள் கொள்கை. அங்கீகாரம் இல்லாத மெக்கானிக்குகளுக்கு உதிரிபாகம் விற்பதை 2012இல் நிறுத்தியது. அங்கீகாரம் பெற்ற வெளிக்கடைகளின் திட்டத்தையும் 2020 மார்ச்சோடு முடித்துக்கொண்டது. ஷட்டர் போனாலோ லென்ஸ் மாட்டும் மவுன்ட் வளைந்தாலோ அந்த பாடியைக் கொண்டுபோக அமெரிக்காவில் நல்ல இடமே இருக்காது. லென்ஸ் என்றால் வரிசை எண்ணுக்கு முன்னால் 'யுஎஸ்' என்ற எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பாடிக்கு வாரன்டி அட்டையையும், விற்றவர் நிக்கானின் டீலர் பட்டியலில் இருக்கிறாரா என்பதையும் பார்க்க வேண்டும். அமேசானில் வாங்கும்போதும் கவனம் தேவை. ஒரே பக்கத்தில் பல விற்பனையாளர்கள் இருப்பார்கள்; 'விற்பவர்' என்ற வரியில் யார் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதே படத்துக்குப் பின்னால் கிரே சரக்கு இருக்கலாம்.

இரண்டாவது வகையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பெட்டியைப் பிரித்து, பேட்டரி, சார்ஜர், பட்டை, பாடி மூடி ஆகியவற்றை வெளியே எடுத்து ஒவ்வொன்றையும் தனித்தனியாக விற்பார்கள். பெட்டியின் சீல் உடைந்திருக்கும். தயாரிப்பாளரின் தளத்தில் பெட்டிக்குள் என்னென்ன வர வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது. அதோடு ஒப்பிட்டாலே போதும்.

மூன்றாவதுதான் உங்களுக்கு வந்திருப்பது என்று நினைக்கிறேன். ஏமாந்து எங்கள் கடைக்கு வந்தவர்கள் சொன்னதெல்லாம் அநேகமாக ஒரே மாதிரி இருக்கும். கூப்பிட்டதும் மறுமுனையில் மிகவும் அன்பாகப் பேசுவார். முகவரியைச் சரிபார்ப்பார். பிறகு, "சார், நீங்கள் போட்டிருப்பது பாடி மட்டும். இதோடு வரும் பேட்டரி இருபது நிமிடம்தான் நிற்கும், மூன்று மணிநேர பேட்டரி 129 டாலர்தான், சேர்த்துவிடட்டுமா?" என்பார். நிக்கானின் அந்தப் பெட்டியில் வருவது வழக்கமான ஈஎன்-ஈஎல்15சி பேட்டரி. இருபது நிமிடக் கதை கட்டுக்கதை. வேண்டாம் என்றால், "இது வெளிநாட்டு மாடல், மெனு முழுக்க ஜப்பான் மொழி, ஆங்கில மாடல் 350 அதிகம்" என்பார். இதில் பாதி உண்மை கலந்திருப்பதுதான் ஆபத்து. ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு வரும் சில பாடிகளில் மெனு ஜப்பான் மொழியில் மட்டும் இருப்பது உண்மைதான். ஆனால் அதைத் தளத்தில் சொல்லாமல் தொலைபேசியில் சொல்கிறார் பாருங்கள், அங்கேதான் தந்திரம் இருக்கிறது. அப்புறம் மெமரி கார்டு, ஃபில்டர் செட், ஐந்து வருட வாரன்டி என்று பட்டியல் நீளும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினால் மொத்தம் 2,200ஐத் தாண்டும், கேமரா மறுநாளே கிளம்பும். எதுவும் வேண்டாம் என்று உறுதியாக நின்றால் குரல் மாறும். "ஸ்டாக் இல்லை, ஆறு வாரம் ஆகும்" என்பார். சிலரிடம் கத்தியும் இருக்கிறார்கள்.

இப்படித் தூண்டில் விலை போட்டு வரவழைத்து வேறொன்றைத் தள்ளுவதை விவரித்து, கூடாது என்று சொல்லும் வழிகாட்டுதல் கூட்டாட்சி வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி.யிடம் இருக்கிறது. விளம்பரம் செய்த பொருளை விற்பவரே மட்டம்தட்டிப் பேசுவது, அதை விற்க மறுப்பது இரண்டும் அதில் அடையாளங்களாகவே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. ஆனாலும் ஒரு பெயரில் புகார் சேர்ந்ததும் அதே ஆட்கள், அதே கிடங்கிலிருந்து வேறு பெயரில் தளம் திறப்பது இந்தத் தொழிலில் பழைய வழக்கம். அதனால் 'இந்தப் பெயரைத் தவிருங்கள்' என்று பட்டியல் கேட்காதீர்கள். அடுத்த மாதமே அது காலாவதி ஆகிவிடும்.

வரி இல்லை என்றது பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் அது நியாயமான சலுகையாக இருந்தது. மாநிலத்துக்குள் கடையோ கிடங்கோ இல்லாத தபால்வழி விற்பனையாளர் அந்த மாநிலத்தின் விற்பனை வரியை வசூலிக்க வேண்டியதில்லை என்று 1967லும் மறுபடி 1992லும் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2018 ஜூனில் வேஃபேர் வழக்கில் அது மாறிவிட்டது. நியூ ஜெர்சியில் விகிதம் 6.625 சதவீதம், உங்கள் கேமராவுக்கு 132 டாலர் 30 சென்ட். மிகச் சிறிய விற்பனையாளர்களுக்கு விலக்கு உண்டு என்பதால் வரி போடாத கடையெல்லாம் மோசடி என்று சொல்ல மாட்டேன். ஆனால் நாடு முழுக்கக் கேமரா விற்பதாகச் சொல்லும் ஒரு தளம் வரியே இல்லை என்றால் எனக்கு நம்பிக்கை வராது. கடை வசூலிக்காவிட்டாலும் அந்த வரியை நீங்களே மாநிலத்துக்குக் கட்ட வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

உங்கள் ஆர்டருக்கு இப்போது செய்ய வேண்டியது: தொலைபேசியைத் தொடாமல், ஆர்டரை ரத்து செய்கிறேன் என்று மின்னஞ்சலில் எழுதுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் விலையும் 'ஸ்டாக் இருக்கிறது' என்ற வரியும் தெரியும்படி இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். நாளை அது மாறியிருக்கும். 1975இல் வந்து பின்னர் தொலைபேசி, இணைய விற்பனைக்கும் விரிவாக்கப்பட்ட எஃப்.டி.சி. விதிப்படி, விற்பவர் சொன்ன காலத்துக்குள், காலம் சொல்லாவிட்டால் பொதுவாக 30 நாளுக்குள் பொருளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் தாமதத்துக்கு உங்கள் சம்மதம் கேட்க வேண்டும், அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். 'ஆறு வாரம் ஆகும்' என்று இழுத்தடிக்க அவருக்கு உரிமை இல்லை. கிரெடிட் கார்டில் பணம் எடுத்துவிட்டால், அந்த ஸ்டேட்மென்ட் வந்த 60 நாளுக்குள் கார்டு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பொருள் வரவில்லை, ஒப்புக்கொண்டபடி வரவில்லை என்ற காரணங்களை 1974ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்கிறது. டெபிட் கார்டு என்றால் பாதுகாப்பு இவ்வளவு வலுவாக இல்லை, வங்கியை இன்றே கூப்பிடுங்கள்.

நியாயமான வழியில் விலை குறைய வாய்ப்பே இல்லையா என்றால், இருக்கிறது. மேப் கட்டுப்படுத்துவது விளம்பர விலையை மட்டும்தான், விற்கும் விலையை அல்ல. 'கூடையில் போட்டால் விலை தெரியும்' என்று சில தளங்கள் மறைப்பது அதனால்தான். உள்ளூர் டீலரிடம் நேரில் போய், பாடியும் லென்ஸும் சேர்த்து எடுக்கிறேன், என்ன விலை தருவீர்கள் என்று கேளுங்கள். பாடியில் அவர் இறங்க முடியாவிட்டாலும் கார்டிலும் ஃபில்டரிலும் இறங்குவார். அங்கேதான் அவருக்கு இடம் இருக்கிறது. 'இலவசப் பை, கார்டு, டிரைபாட்' என்ற தொகுப்புகள் வருவதும் இதே காரணத்தால். அவற்றில் அந்த டிரைபாட்டுக்குப் போட்டிருக்கும் மதிப்பை நம்ப வேண்டாம். தயாரிப்பாளரே சரிபார்த்து விற்கும் ரீஃபர்பிஷ்டு பாடி என் கணக்கில் மிக நல்ல பேரம், வாரன்டி காலம் எவ்வளவு என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய பொருள் என்றால் கேஈஎச், எம்பிபி போல் தரம் பிரித்து, திருப்பிக்கொள்ளும் காலம் கொடுத்து விற்கும் இடங்கள் இருக்கின்றன. அவசரம் இல்லை என்றால் நவம்பர் கடைசி வரை பொறுக்கலாம். ரிபேட்டுகள் அதிகம் வரும் காலம் அது.

தம்பி விஷயம். கேமரா பாடியின் வாரன்டி பொதுவாக விற்ற நாட்டோடு நிற்கும். இங்கே அங்கீகாரம் பெற்ற கடையில் முழு விலைக்கு வாங்கினால்கூட, மதுரையில் பழுதானால் இந்திய சர்வீஸ் சென்டரில் இலவசமாகப் பார்ப்பார்கள் என்று எண்ண வேண்டாம். திருப்பி இங்கே அனுப்ப வேண்டியிருக்கும். 2,000 டாலர் என்பது இந்திய விமான நிலையத்தில் தீர்வையில்லாமல் கொண்டுபோகும் வரம்பை நன்றாகவே தாண்டும், பரிசுப் பொருளாக இருந்தாலும் சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். இந்தியாவில் டிஜிட்டல் கேமராவின் ஜி.எஸ்.டி. 2019 ஜனவரியில் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்ட பிறகு, இங்கிருந்து வாங்கிப் போவதால் மிஞ்சும் தொகை முன்பு போல் இல்லை. மதுரையிலோ சென்னையிலோ உள்ள அங்கீகாரம் பெற்ற கடை ஒன்றில் அதே பாடிக்கு பில்லோடு, இந்திய வாரன்டி அட்டையோடு என்ன விலை என்று தம்பியை எழுத்தில் வாங்கி அனுப்பச் சொல்லுங்கள். இங்கத்திய விலை, நியூ ஜெர்சி வரி, அங்கே கட்ட வேண்டிய சுங்கம் மூன்றையும் கூட்டி அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அந்தக் கணக்கில் சந்தேகம் இருந்தால் இரண்டு விலையையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.